கதவிடுக்கில் கணவாய்க் காற்று

மேற்குத் தொடர்ச்சி மலை தென்கோடியில் தாழ்ந்து முடியும் இடத்தில், நாஞ்சில் நாட்டுக்கும் நெல்லைச் சீமைக்கும் இடையே அமைந்திருக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய், பாலக்காடு, செங்கோட்டைக் கணவாய்களோடு சேர்த்து எண்ணப்படும் தமிழ்நாட்டின் முதன்மையான காற்று வழிகளுள் ஒன்றாகும். வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை அரபிக்கடலிலிருந்து வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, உயர்ந்த மலைச்சுவரால் தடுக்கப்பட்டு இந்தத் தாழ்வான வாயிலில் திரள்கிறது. அகன்ற வெளியில் பரவி வந்த காற்று முழுவதும் குறுகிய வழியே கடந்தாக வேண்டியிருப்பதால் அதன் வேகம் கூடுகிறது. பாய்பொருள் ஒன்று குறுகலான இடத்தைக் கடக்கும்போது விரைவதையும் அங்கே அழுத்தம் குறைவதையும் 1797-இல் விளக்கி எழுதிய இத்தாலிய இயற்பியலாளர் ஜொவான்னி பத்திஸ்தா வெஞ்சூரியின் பெயரால் இது வெஞ்சூரி விளைவு எனப்படுகிறது. கணவாயை அடுத்த முப்பந்தல் பகுதி இந்தியாவின் மிகப்பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்றாக வளர்ந்ததற்கு இந்த விளைவே அடிப்படை.

காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, தோவாளை, பூதப்பாண்டி, நாகர்கோவில் வட்டாரங்களின் வீடுகளுக்குள்ளும் நுழைகிறது. குறிப்பாக, அண்மைக் காலத்தில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மேற்கு நோக்கிய அறைகளில், ஆனி ஆடி மாதங்களில், பூட்டிய கதவின் அடியிலிருந்தும் சாத்திய ஜன்னலின் ஓரத்திலிருந்தும் இரவு முழுவதும் காற்று பீறிடுகிறது. தரையில் பாய் விரித்துப் படுப்போர் கால் சில்லிட்டு விழித்துக்கொள்கின்றனர். வெப்பமானியோ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அரிதாகவே இறங்குகிறது. குளிர் இல்லாத ஊரில் குளிர்காற்று ஒரு தொல்லையாவது எப்படி, அதை வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே ஒரு மாலைப் பொழுதில் தணிப்பது எப்படி என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காண்பது இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

காற்றின் தள்ளுவிசை

காற்றுக்கு எடை உண்டு. ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ நிறை கொண்டது. இந்த நிறை வேகமாக வந்து சுவரில் மோதி நிற்கும்போது, அதன் இயக்க ஆற்றல் அழுத்தமாக மாறுகிறது. இயக்கத்தால் விளையும் இந்த அழுத்தத்தை இயங்கழுத்தம் என்பர். வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்த டேனியல் பெர்னூலியின் ‘ஹைட்ரோடைனமிகா’ என்னும் நூல் 1738-இல் வெளிவந்தது. அந்த வழியில் வந்த கணக்கின்படி, காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் இயங்கழுத்தம் கிடைக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் இயங்கழுத்தம் இவ்வாறு 60 பாஸ்கல் ஆகிறது. பாஸ்கல் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நியூட்டன் விசை செயல்படும் அளவு. எனவே 60 பாஸ்கல் என்பது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 6 கிலோ எடையைச் சாய்த்து வைத்தது போன்ற தள்ளுவிசை. இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள கதவின்மீது இது 12 கிலோ எடைக்கு நிகராகும் என்பதால், தாழிடாத கதவு அடித்துச் சாத்திக்கொள்வதில் வியப்பில்லை. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். திடீர் வீச்சுகள் சராசரிக் காற்றைவிடப் பன்மடங்கு கடுமையாக உணரப்படுவது இதனால்தான்.

காற்று மோதும் சுவரைக் காற்றுமுகம் என்றும், அதற்கு எதிர்ப்புறத்தில் ஒதுக்குப்புறமாக இருக்கும் சுவரைக் காற்றுமறை என்றும் குறிப்பிடலாம். காற்றுமுகத்தில் அழுத்தம் கூடி உள்நோக்கித் தள்ளுகிறது. கட்டடத்தைச் சுற்றி ஓடிய காற்று பிரிந்து செல்வதால் காற்றுமறையில் அழுத்தம் குறைந்து, வீட்டிலுள்ள காற்றை வெளியே இழுக்கிறது. தள்ளுதலும் இழுத்தலும் சேர்ந்து, வீட்டின் இரு பக்கங்களுக்கிடையே ஏறத்தாழ இயங்கழுத்தத்துக்குச் சமமான அழுத்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன. வீட்டுக்குள் காற்றை ஓடவைப்பது இந்த வேறுபாடே. இதைப் புரிந்துகொண்டால், காற்று நுழையும் இடுக்கைப் போலவே அது வெளியேறும் இடுக்கும் தொல்லைக்குச் சமமாகப் பங்களிக்கிறது என்பது விளங்கும்.

உயரம் கூடக்கூடக் காற்றின் வேகமும் கூடுகிறது. தரையும் மரங்களும் கட்டடங்களும் தரும் உராய்வு மேலே செல்லச்செல்லக் குறைவதே காரணம். தரைத்தளத்தின் 3 மீட்டர் உயரத்தோடு ஒப்பிட்டால், 15 மீட்டர் உயரத்தில் காற்றின் வேகம் வயல்வெளிகளில் ஏறத்தாழ கால் பங்கும் கட்டடங்கள் நெருங்கிய நகரத்தில் ஏறத்தாழ அரைப் பங்கும் கூடுதலாக இருக்கும். அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பின்பற்றுவதால், அதே காற்று மேல்மாடி ஜன்னலை ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்கு மேல் வரை கூடுதலாக அழுத்துகிறது. ஓட்டுவீட்டில் வளர்ந்த குடும்பம் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தபின் காற்றின் கடுமையைப் புதிதாக உணர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த அழுத்தம் எவ்வளவு பெரியது என்பதை அறிய மற்றோர் அளவுகோலும் உண்டு. வீடுகளின் காற்றுக் கசிவை அளக்க, வாசலில் பெரிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தி வீட்டுக்கும் வெளிக்கும் இடையே 50 பாஸ்கல் வேறுபாட்டை உண்டாக்கிச் சோதிக்கும் முறை 1970-களில் ஸ்வீடனில் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவியது. வீட்டைக் கடுமையாகச் சோதிக்கவென்று செயற்கையாக உண்டாக்கப்படும் அந்த 50 பாஸ்கல் அழுத்தம், மணிக்கு 33 கிலோமீட்டர் வேகக் காற்றின் இயங்கழுத்தமே ஆகும். மேற்கு நோக்கித் திறந்திருக்கும் வீடு ஒன்று ஆடி மாதத்தில் காற்று வலுக்கும்போதெல்லாம் இந்தச் சோதனைக்கு உட்படுகிறது.

கதவின் அடியில் 90 சென்டிமீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டர் உயரமும் கொண்ட இடுக்கு இருப்பதாகவும், எதிர்ப்பக்கத்தில் அதே பரப்புள்ள இடுக்குகள் இருப்பதாகவும் கொண்டால், 60 பாஸ்கல் வேறுபாட்டில் விநாடிக்குச் சுமார் 38 லிட்டர் காற்று வீட்டுக்குள் ஓடும். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 34,000 லிட்டர் என்பதால், கால் மணி நேரத்தில் ஓர் அறை நிறையும் அளவு காற்று அந்த ஒரே இடுக்கு வழியாக வந்து சேர்கிறது.

குளிர்நாட்டு அறிவுரை ஏன் அப்படியே பொருந்தாது

கதவிடுக்குகளை அடைப்பது பற்றிய நூல்களும் கையேடுகளும் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அந்நாடுகளில் வீட்டுக்குள் சூடாக்கப்பட்ட இலேசான காற்று மேலெழுந்து கூரையருகே வெளியேற, கீழ்ப்பகுதி இடுக்குகள் வழியாகக் குளிர்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. புகைபோக்கியில் நிகழ்வதைப் போன்றதாகையால் இது புகைபோக்கி விளைவு எனப்படுகிறது. 12 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தில் உள்ளும் புறமும் 25 டிகிரி வெப்ப வேறுபாடு இருந்தால், காற்றே வீசாத நாளிலும் இந்த விளைவு சுமார் 12 பாஸ்கல் அழுத்தத்தைத் தருகிறது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டு எரிபொருள் விலை உயர்ந்தபின், சூட்டை இழக்காமல் காப்பதற்காக வீடுகளை இறுக அடைப்பது அந்நாடுகளில் பெரும் இயக்கமாக வளர்ந்தது.

நாகர்கோவிலில் மூன்று மீட்டர் உயர அறையின் உள்ளும் புறமும் 5 டிகிரி வேறுபாடு இருந்தாலும், புகைபோக்கி விளைவு 0.6 பாஸ்கலுக்கு மேல் தராது. காற்றின் தள்ளுவிசையோ அதைப்போல நூறு மடங்கு. முத்துக்குழிவயல் போன்ற உயர்மலைப் பகுதிகளின் மார்கழி இரவுகளை விட்டுவிட்டால், குமரி மாவட்டத்தின் சமவெளியில் காக்கவேண்டிய சூடு என்று எதுவும் வீட்டுக்குள் இல்லை. ஆகவே, குளிர்நாட்டில் சூட்டைக் காப்பது நோக்கம். நாஞ்சில் நாட்டில் காற்றின் விசையை உடைப்பது நோக்கம். நோக்கம் மாறும்போது முறையும் மாறியாக வேண்டும். குளிர்நாட்டுக் கையேடு பரிந்துரைப்பதுபோல ஜன்னலின் உட்புறத்தில் பிளாஸ்டிக் தாளை டேப் கொண்டு ஒட்டினால், மூன்றடிக்கு நான்கடி ஜன்னலில் அந்தத் தாளை 60 பாஸ்கல் அழுத்தம் ஏறத்தாழ 7 கிலோ எடைக்கு நிகரான விசையால் உள்நோக்கி உப்பவைக்கும். ஒட்டும் டேப் பக்கவாட்டில் இழுக்கும் விசையை நன்கு தாங்குமே தவிர, ஓரத்திலிருந்து உரிக்கும் விசையைத் தாங்காது. முதல் பெருவீச்சிலேயே தாள் பிய்ந்துவிடும்.

24 டிகிரியில் உடல் சிலிர்ப்பது ஏன்

மனிதத் தோலின் வெப்பநிலை சாதாரணமாக 33 முதல் 34 டிகிரி வரை இருக்கும். தோலைத் தொட்டு நிற்கும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள காற்று, உடல் சூட்டை வாங்கி வெதுவெதுப்பாகி, கண்ணுக்குத் தெரியாத போர்வையாகப் பயன்படுகிறது. வீசும் காற்று இந்த அடுக்கை மெலியச் செய்து, அதன் இடத்தில் புதிய குளிர்ந்த காற்றைக் கொண்டுவருவதால் சூடு வேகமாக வெளியேறுகிறது. இவ்வாறு பாய்பொருளின் ஓட்டத்தால் வெப்பம் கடத்தப்படுவது வெப்பச்சலனம் எனப்படும். அசைவற்ற காற்றோடு ஒப்பிட, விநாடிக்கு ஒரு மீட்டர் வேகக் காற்றில் தோல் இந்த வழியில் இழக்கும் வெப்பம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. தோல் வியர்வையாலோ மழையாலோ நனைந்திருந்தால் இழப்பு இன்னும் கூடும். ஒவ்வொரு கிராம் நீர் ஆவியாகும்போதும் ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது.

வெப்பச் சுகம் பற்றி 1970-இல் அடிப்படை நூல் எழுதிய டென்மார்க் அறிவியலாளர் ஃபாங்கர், 1980-களில் தம் சக ஆய்வாளர்களோடு நடத்திய ஆய்வுகளில் மற்றோர் உண்மையையும் காட்டினார். சராசரி வேகம் ஒன்றாகவே இருந்தாலும், சீராக ஓடும் காற்றைவிடக் கூடிக் குறைந்து கொந்தளிக்கும் காற்று உடலுக்கு அதிகத் தொல்லை தருகிறது. மின்விசிறியின் கீழே நிம்மதியாக உறங்குபவர் கதவிடுக்குக் காற்றில் உறக்கம் கெட்டு எழுவதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது. இடுக்கிலிருந்து வருவது மெல்லிய தாரையாக ஒரே இடத்தைத் தாக்குகிறது, வெளிவீச்சுக்கேற்ப விட்டுவிட்டு அடிக்கிறது, ஆடை மறைக்காத கணுக்காலையும் பிடரியையும் குறிவைக்கிறது. எடைக்குத் தோல்பரப்பு அதிகமாக உள்ள கைக்குழந்தைகளும், தோலின் இரத்தநாளங்களைச் சுருக்கிச் சூட்டைக் காக்கும் திறன் குறைந்த முதியவர்களும் இதனால் முதலில் பாதிக்கப்படுகின்றனர். ஜலதோஷத்தை உண்டாக்குவது காற்று அன்று, வைரஸ் கிருமிகளே. ஆயினும் உறக்கம் கெடுவதும், தூசு நுழைந்து மூச்சுக்குழலை உறுத்துவதும் மெய்யான துன்பங்கள்.

இடுக்கைக் கண்டறிதல்

அடைக்கும் முன் கண்டறிய வேண்டும். காற்று வலுத்திருக்கும் நேரத்தில் எல்லாக் கதவுகளையும் ஜன்னல்களையும் சாத்தி, மின்விசிறிகளை நிறுத்தி, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, திரைச்சீலைகளை விலக்கியபடி ஒவ்வொரு பொருத்தின் ஓரமாகவும் மெல்ல நகர்த்த வேண்டும். புகை அறையை நோக்கி வளையும் இடம் நுழைவாய். புகையை இடுக்கு உறிஞ்சிக்கொள்ளும் இடம் வெளியேறும் வாய். இரண்டையும் சாக்பீஸால் வேறுவேறு குறியிட்டு வைக்கலாம். கதவின் அடி, இரட்டைக் கதவுகள் சேரும் நடுக்கோடு, கீல் பக்கம், ஜன்னலின் மேல் உள்ள வென்டிலேட்டர், ஏசி குழாய் செல்லும் துளை, குளியலறையின் எக்ஸாஸ்ட் விசிறிச் சட்டம், சுவருக்கும் நிலைக்கும் இடையே சாந்து விட்டுப்போன விரிசல் ஆகியவை தவறாமல் பார்க்க வேண்டிய இடங்கள்.

ஓசையும் வழிகாட்டும். காற்று ஒரு கம்பியைக் கடக்கும்போது அதன் பின்னே இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழிகள் பிரிகின்றன. அந்தச் சுழிகளின் தாளமே ஊளைச் சத்தமாகக் கேட்கிறது. செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரௌஹால் 1878-இல் கண்டறிந்த விதியின்படி, காற்றின் வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து வரும் எண்ணில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த ஓசையின் அதிர்வெண். விநாடிக்கு 10 மீட்டர் காற்று 10 மில்லிமீட்டர் கம்பியில் பட்டால் 200 ஹெர்ட்ஸ் என்னும் தாழ்ந்த முனகல் எழும். எனவே தாழ்ந்த ஓசை ஜன்னல் கம்பிகளிலிருந்தும், கீச்சென்ற உயர்ந்த ஓசை பெரும்பாலும் மெல்லிய இடுக்கு ஓரங்களிலிருந்தும் வருவதாகக் கொண்டு தேடத் தொடங்கலாம்.

மரக்கதவுகளில் இடுக்கின் அகலம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. தேக்கானாலும் அயினியானாலும் பலாவானாலும், மரம் ஈரத்தை உறிஞ்சி இழைகளுக்குக் குறுக்குத் திசையில் உப்புகிறது, உலர்ந்து சுருங்குகிறது. நீளவாக்கில் மாற்றம் மிகச் சிறிது. மழைக்காலத்தில் கதவு பிடிக்கிறது என்று ஆசாரியைக் கொண்டு அளவுக்கு மீறி இழைத்துவிட்டால், ஈரம் குறையும் மாதங்களில் அந்த இடம் நிலையான இடுக்காக நின்றுவிடும்.

ஒரு மாலைப் பொழுதில் செய்யக்கூடியவை

முதல் வேலைக்குப் பொருள் எதுவும் தேவையில்லை. காற்றுமுக அறைக்கும் காற்றுமறை அறைக்கும் இடையேயுள்ள உட்கதவைச் சாத்துவதும், காற்றுமறை ஜன்னல்களின் திறப்பைக் குறைப்பதும் போதும். காற்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல திறப்புகளைக் கடக்க வேண்டியிருந்தால், மொத்த அழுத்தம் அவற்றிடையே பங்கிடப்பட்டு, மிகச் சிறிய திறப்பே ஓட்டத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. நுழைவாயைத் தொடாமல், வெளியேறும் வாயை மட்டும் அதன் பரப்பில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாலே, சம அளவில் இருந்தபோது ஓடிய காற்றில் பாதிக்கும் குறைவாகவே ஓடும். கட்டிலையோ பாயையோ தாரையின் நேர்க்கோட்டிலிருந்து விலக்கிப் போடுவதும் இதே அளவுக்கு எளிது. இடுக்கிலிருந்து விலகிச் செல்லச்செல்லத் தாரை சுற்றியுள்ள காற்றோடு கலந்து விரிந்து வேகம் இழக்கிறது.

அடுத்தது கதவின் அடி. பழைய வேட்டியை நீளவாக்கில் மடித்துக் குழாயாகத் தைத்து, உலர்ந்த மணலை நிரப்பி இரு முனைகளையும் கட்டினால் இடுக்கை அடைக்கும் உருளை ஆயத்தமாகும். வெறும் துணியை வைக்காமல் மணலை நிரப்புவதற்குக் காரணம் உண்டு. ஒரு சென்டிமீட்டர் உயர இடுக்கு வழியாக 60 பாஸ்கல் அழுத்தம் உருளையின்மீது செலுத்தும் விசை ஏறத்தாழ 55 கிராம் எடைக்குச் சமம். தரையின் உராய்வு மட்டுமே அதை எதிர்க்கிறது என்பதால், உருளை 140 கிராமாவது இருந்தால்தான் நகராமல் நிற்கும். வீச்சின் வேகம் இரண்டு மடங்கானால் தேவை அரைக் கிலோவைத் தாண்டும். வழவழப்பான டைல்ஸ் தரையில் உராய்வு மேலும் குறையும் என்பதையும் கணக்கில் கொண்டால், ஒன்று முதல் இரண்டு கிலோ மணல் பொருத்தமானது. அடிக்கடி திறக்கும் கதவுக்கு, இரண்டு உருளைகளைக் கதவின் அகலத்துக்குக் கோணித் துணியால் இணைத்து, துணி கதவின் அடியில் செல்ல இருபுறமும் ஒவ்வொன்றாக அமைத்தால், கதவோடு சேர்ந்து அவையும் நகரும். இதற்கு மணலைவிடத் தேங்காய் நார் ஏற்றது.

இன்னும் சற்று நிலைத்து நிற்க வேண்டுமெனில் ரப்பர் உதவும். தமிழ்நாட்டில் ரப்பர் தோட்டங்கள் பெருமளவில் உள்ள மாவட்டம் கன்னியாகுமரியே; ஆயினும் இதற்குப் புது ரப்பர் தேவையில்லை, பழைய சைக்கிள் டியூப் போதும். டியூபைப் பிளந்து நான்கு சென்டிமீட்டர் அகல நாடாவாக வெட்டி, மெல்லிய மர ரீப்பரை மேலே வைத்துக் கதவின் கீழ்விளிம்பில் சிற்றாணிகளால் அறைய வேண்டும். எந்தப் பக்கம் அறைவது என்பதில்தான் அறிவியல் இருக்கிறது. காற்றுமுகப் பக்கத்தில் பொருத்தி, தரையைத் தொடும் நுனி காற்றை நோக்கி வளைந்திருக்குமாறு அமைத்தால், காற்று வலுக்க வலுக்க அழுத்தமே நாடாவைத் தரையோடு சேர்த்து இறுக்கும்; மறுபக்கத்தில் பொருத்தினால் அதே அழுத்தம் நாடாவைத் தூக்கிவிடும்.

கதவும் நிலையும் சேரும் ஓரங்களிலும் ஜன்னல் பலகைகளிலும், மடித்த செய்தித்தாள், பருத்தி நாடா, கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் டேப், ரப்பர் பீடிங் ஆகியவற்றுள் எது கைக்குக் கிடைத்தாலும் பயன்படுத்தலாம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடுக்குகளில் காற்றின் பாகுநிலை, அதாவது அடுக்குகள் ஒன்றையொன்று தேய்த்துத் தடுக்கும் தன்மை, மேலோங்குகிறது. அங்கே ஓட்டம் இடுக்கின் அகலத்தின் மும்மடியைப் பின்பற்றுவதால், அகலத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் எட்டில் ஒன்றாகக் குறையும். ஆகவே முழுவதும் அடைபடாத மெல்லிய இடுக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தாழ்ப்பாள் தளர்ந்து கதவு தடதடவென்று ஆடினால், மடித்த அட்டையையோ சிறு மர ஆப்பையோ செருகிக் கதவை நிலையோடு இறுக்குவது ஓசையையும் கசிவையும் ஒருசேரக் குறைக்கும்.

அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல்களில், சட்டங்கள் உரசும் இடத்தில் உள்ள மயிரடர்ந்த நாடா தேய்ந்துபோவதே கசிவுக்கு வழக்கமான காரணம். கம்பளித் துணியின் மெல்லிய கீற்றைச் செருகித் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். ஆனால் கீழ்த்தண்டவாளத்தின் வெளிப்புறத்தில் உள்ள சிறு துளைகளை எக்காரணத்தாலும் அடைக்கக் கூடாது. 60 பாஸ்கல் அழுத்தம் ஆறு மில்லிமீட்டர் உயர நீரைத் தாங்கி நிறுத்த வல்லது. சாரல் மழையில் தண்டவாளத்தில் சேரும் நீர், அத்துளைகள் வழியே வடியாவிட்டால், காற்றால் தள்ளப்பட்டு உள்விளிம்பைத் தாண்டி அறைக்குள் வழியும்.

வென்டிலேட்டர்களையும் பால்கனியையும் பொறுத்தவரை, அடைப்பதைவிட உடைப்பதே சிறந்தது. கொசுவலையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டினால், தாரை பல நுண்தாரைகளாகச் சிதறி வேகம் இழந்து, காற்றோட்டம் மட்டும் எஞ்சும். பால்கனியில் ஓலைத்தட்டியோ மூங்கில் தட்டியோ கட்டும்போது, இண்டு இடுக்கின்றி அடர்த்தியாகக் கட்டுவதைவிட, பரப்பில் பாதியளவு துளைகள் இருக்குமாறு கட்டுவது நல்லது. முழுச்சுவர் போன்ற தடுப்பின்மேல் ஏறி விழும் காற்று அதன் பின்னே சுழிகளை உண்டாக்குகிறது. துளையுள்ள தடுப்போ காற்றில் ஒரு பகுதியை மெதுவாக ஊடுருவவிட்டுச் சுழிகளைத் தணிக்கிறது. கடற்கரையில் சவுக்குத் தோப்புகளைக் காற்றரணாக வளர்ப்பதன் அடிப்படையும் இதுவே. தக்கலை அருகேயுள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் சாய்ந்த மரச்சட்டப் பின்னல் ஜன்னல்கள், ஒளியையும் காற்றையும் உள்ளே விட்டு வெயிலின் கூர்மையையும் காற்றின் வேகத்தையும் குறைக்கும் இந்தக் கொள்கைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

அடைக்கக் கூடாத வழிகள்

வீட்டுக்கு மூச்சு வேண்டும். சமையலறையில் எரியும் அடுப்பு ஆக்சிஜனைச் செலவிடுகிறது; சமையல் எரிவாயுவில் உள்ள புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரண்டு மடங்கும் கனமானவை என்பதால், கசிந்தால் அவை தரையில் தேங்கும். ஆகவே சமையலறைக் கதவின் அடியிடுக்கை அடைப்பது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். எரிவாயு கீசர் பொருத்திய குளியலறையில் வென்டிலேட்டரை அடைத்தால், ஆக்சிஜன் குறைந்து எரிதல் முழுமையடையாமல், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இந்தியாவில் இதனால் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. மூடிய அறையில் கரியடுப்பைக் கனியவிடுவதும் அத்தகையதே. படுக்கையறையிலும் ஒரு திறப்பாவது, காற்றுமறைப் பக்கமாகவேனும், இருந்தாக வேண்டும். பலர் உறங்கும் அறையில் புதிய காற்று குறைந்தால் கரியமில வாயு கூடுவதோடு, காசநோய் போன்ற காற்றில் பரவும் தொற்றுகளுக்கும் அது இடமளிக்கும்.

இந்த உடனடி ஏற்பாடுகள் பருவக்காற்றுக்கு உரியவை, புயலுக்கு உரியவை அல்ல. 2017 நவம்பர் 30 அன்று குமரி மாவட்டத்தை உலுக்கிய ஓகி போன்ற புயலின்போது, பால்கனித் தட்டியே பறந்து பிறரைத் தாக்கும் பொருளாகிவிடும். அறிவிப்பு வந்தவுடன் அதை அவிழ்த்து உள்ளே வைக்க வேண்டும். ஓட்டுக் கூரையும் தகரக் கூரையும் உள்ள வீடுகளில் காற்றுமுக ஜன்னல்களைச் சாத்தி வைப்பதும் இன்றியமையாதது. அவை திறந்திருந்தால் உள்ளே ஏறும் அழுத்தமும் வெளியே கூரையின்மேல் எழும் உறிஞ்சலும் ஒரே திசையில் சேர்ந்து கூரையைத் தூக்கிவிடும்.

நிலைப்படியின் பாடம்

பழைய நாஞ்சில் நாட்டு வீடுகளின் கதவுநிலை நான்கு பக்கச் சட்டம் கொண்டது. தரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் கீழ்ச்சட்டமான நிலைப்படியில் கதவு வந்து முட்டி நின்றதால், காற்று நேராக நுழையக்கூடிய அடியிடுக்கு அங்கே இல்லை. மழைநீரையும் பூச்சிகளையும் அதே படி தடுத்தது. டைல்ஸ் தரை ஒரே மட்டமாக ஓடவேண்டும் என்ற விருப்பத்தால், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மூன்று பக்க நிலைகளே வழக்கமாகிவிட்டன. அழகுக்காக நீக்கப்பட்ட அந்தப் படியின் வேலையைத்தான் இன்று மணல் உருளையும் சைக்கிள் டியூபும் செய்துகொண்டிருக்கின்றன.

ஆரல்வாய்மொழிக் காற்றின் எல்லைக்குள் வீடு கட்டுவோரும் கட்டுவிப்போரும் மூன்றை வற்புறுத்திக் கேட்க வேண்டும். மேற்கு நோக்கிய பால்கனிக் கதவுக்கு, சக்கர நாற்காலிக்கும் முதியோர் நடைக்கும் இடையூறு இல்லாதவாறு இருபுறமும் சரிவாக்கிய தாழ்வான படி வேண்டும். மேற்குச் சுவரில் ஸ்லைடிங் ஜன்னலுக்குப் பதிலாக, ரப்பர் பீடிங்கில் அழுந்திச் சாத்தும் கீல் ஜன்னல் வேண்டும். அறைகளுக்கிடையே தாழிடக்கூடிய உட்கதவு வேண்டும். இவை கட்டும்போது சிறு செலவு, கட்டியபின் பெரும் செலவு. ஏற்கெனவே குடியிருப்போர் ஆனி பிறக்கும் முன் ஊதுபத்தியோடு வீட்டை ஒருமுறை சுற்றிவந்து, உள்ளே வரும் வழியையும் வெளியே போகும் வழியையும் குறித்துக்கொண்டு, முதலில் வெளியேறும் வழியைக் குறைத்து, பிறகு நுழையும் வழியை ஒடுக்கி, சமையலறையின் திறப்புகளைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். காற்றைத் துரத்த வேண்டியதில்லை. அதன் அழுத்தத்தைப் பங்கிட்டு வேகத்தைக் குறைத்தாலே வீடு உறங்குவதற்கு உரியதாகிவிடும்.